சொல்லும் பொருளும்: ‘மாரல் டர்பிட்யூட்’ என்று எழுதினால் என்ன அர்த்தம்?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றியவை. ஊர் வேறு, கவலை வேறு, சொல் மட்டும் ஒன்று. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன். மாவட்ட நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குடும்பங்களை இவ்வளவு கலங்க வைத்த சட்டச் சொல் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

கேள்வி: என் கணவர் பேருந்து நடத்துநர். டிக்கெட் பணத்தில் குறை என்று விசாரணை வைத்து வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆணையில் ‘மாரல் டர்பிட்யூட்’ என்று இருக்கிறது. தமிழ் நகலில் ‘ஒழுக்கக்கேடு’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த நாத்தனார் வீட்டார், இவர் ஏதோ பெண் விஷயத்தில் மாட்டிக்கொண்டதாகப் பேசுகிறார்கள். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம் அம்மா. அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தமா? பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், குமரி மாவட்டம்

இல்லை அம்மா. அந்தச் சொல்லுக்கு அது அர்த்தம் இல்லை. உங்கள் நாத்தனார் வீட்டாரிடம் இந்தப் பக்கத்தையே எடுத்துக் காட்டுங்கள்.

‘டர்பிட்யூட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘டர்பிஸ்’ என்றால் அசிங்கமான, இழிந்த என்று பொருள். முதலில் கண்ணுக்கு அசிங்கம், பிறகு குணத்தில் அசிங்கம். சட்டத்தில் இந்தச் சொல் வரும்போது கேட்கப்படுவது இதுதான்: இந்தச் செயலைச் செய்தவர் மனத்தில் இழிவு இருந்ததா? பொய்க் கையெழுத்து, திருட்டு, நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடுவது, ஏமாற்றிச் சொத்தை எழுதி வாங்குவது, லஞ்சம் எல்லாம் இதில் வரும். பாலியல் வன்கொடுமையும் வரும்தான். ஆனால் நம் ஊர் அலுவலக ஆணைகளில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் பண விவகாரம்தான்.

குழப்பம் ஆங்கிலத்தில் இல்லை, தமிழ் நகலில் இருக்கிறது. ‘ஒழுக்கம்’ என்பது ஒரு காலத்தில் விரிந்த சொல். ஒரு மனிதர் நடந்துகொள்ளும் முறை முழுவதும் அதற்குள் அடங்கியது. இன்று தெருவில் ஒருவரைப் பற்றி “அந்தாளு ஒழுக்கம் சரியில்லை” என்று சொன்னால் கேட்பவர் என்ன நினைப்பார்? பணத்தை நினைப்பாரா? பெண்ணைத்தான் நினைப்பார். சொல் இப்படிக் குறுகிப்போன பிறகும் அலுவலகங்கள் பழைய பழக்கத்தில் ‘ஒழுக்கக்கேடு’ என்றே தட்டச்சு செய்கின்றன. ஆணையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி ஒரு நிமிடம் யோசித்தால் போதும். அந்தத் தாள் அலுவலகக் கோப்போடு நின்றுவிடுவதில்லை. வீட்டுக்குப் போகிறது, அக்கம்பக்கத்தில் படிக்கப்படுகிறது, கல்யாணப் பேச்சில் நுழைகிறது. பயணிகளிடம் வாங்கிய கட்டணத்தைக் கட்டவில்லை என்பது குற்றச்சாட்டு என்றால் அதையே எழுதட்டும். ஒருவர் செய்யாத ஒன்றை ஊர் அவர் தலையில் ஏற்றுவதற்கு அரசுத் தாள் வழி செய்யக் கூடாது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நல்ல தமிழ் இருக்கிறது. ‘கயமை’. திருக்குறளில் 108ஆம் அதிகாரத்தின் தலைப்பே அதுதான், பொருட்பாலின் கடைசி அதிகாரம். மனிதனைப் போலவே இருப்பான், உள்ளே கீழ்மை என்பது அந்தச் சொல்லின் குறிப்பு. ‘கயமை சார்ந்த குற்றம்’ என்று எழுதினால் பணமோ பொய்யோ வஞ்சமோ எல்லாவற்றுக்கும் பொருந்தும். படுக்கையறையை மட்டும் நினைவூட்டாது. அது கடுமையாகத் தெரிந்தால் ‘இழிசெயல்’ போதும்.

இனி பணிக்கொடை. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. வேலை பார்க்கும்போது கயமை சார்ந்த குற்றம் ஆகக்கூடிய செயலைச் செய்து, அதற்காகவே ஒருவர் நீக்கப்பட்டால், பணிக்கொடையை முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ பறிமுதல் செய்யலாம். ‘செய்யலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘செய்ய வேண்டும்’ என்று இல்லை. ‘ஒரு பகுதி’ என்பதும் சட்டத்திலேயே இருக்கிற சொல். இந்த இரண்டையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

2018இல் யூனியன் வங்கி தொடர்பான ஒரு வழக்கில், குற்றவியல் நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று சொன்ன பிறகே இந்தக் காரணத்தைக் காட்டிப் பணிக்கொடையை நிறுத்த முடியும் என்கிற பொருளில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தொழிலாளர்கள் பலரும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் வேறொரு அமர்வு அது அப்படியில்லை என்றது. நீதிமன்றத் தண்டனை தேவையில்லை, துறை விசாரணையில் அந்தச் செயல் நிரூபணமானாலே போதும் என்பது புதிய நிலை. உங்களுக்குச் சாதகமான பகுதியும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதில் சேர்ந்து விசாரிக்கப்பட்டவை மகாராஷ்டிர அரசுப் பேருந்து நடத்துநர்களின் வழக்குகள். கட்டணப் பணத்தைக் கட்டவில்லை என்கிற, உங்கள் வீட்டு விவகாரத்தைப் போன்ற விவகாரம்தான். அவர்களுக்கு 25 சதவீதம் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

ஆகவே மூன்று வேலைகள் செய்யுங்கள். நீக்கல் ஆணை வேறு, பணிக்கொடைப் பறிமுதல் ஆணை வேறு. இரண்டாவது ஆணை தனியாக, விளக்கம் கேட்டு, காரணம் காட்டிக் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். கொடுக்கப்படவில்லை என்றால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் மனு போடுங்கள், நாள் கடத்தாதீர்கள். தொழிலாளர் வழக்கு பார்க்கிற வழக்கறிஞரிடம் போகும்போது அந்த 2025 தீர்ப்பில் நடத்துநர்கள் பகுதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பணக் குறையே இல்லை என்பது உங்கள் கணவரின் தரப்பு என்றால் நீக்கத்தை எதிர்த்து வாதாடுவது தனிப் பாதை. அதை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: மகன் வங்கித் தேர்வில் தேறியிருக்கிறான். படிவத்தில் ‘மாரல் டர்பிட்யூட் சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரா?’ என்று ஒரு கேள்வி. கல்லூரியில் படிக்கும்போது சாலை மறியலில் கலந்துகொண்டதற்காக அவன் மேல் வழக்குப் போட்டார்கள், பிறகு விடுதலை ஆகிவிட்டது. ஹெல்மெட் இல்லாமல் போய் அபராதமும் கட்டியிருக்கிறான். ‘ஆம்’ என்று எழுதுவதா, ‘இல்லை’ என்று எழுதுவதா? ஒன்றும் எழுதாமல் விட்டுவிடலாம் என்கிறார் என் மைத்துனர்.
— ஒரு தந்தை, தென்காசி

மைத்துனர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். மற்றதெல்லாம் சமாளிக்கக் கூடியது.

முதலில் பயத்தை இறக்கி வைப்போம். ஹெல்மெட் போடாதது சட்டத்தை மீறியது, சரி. அதில் யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை, யாருக்கும் வஞ்சம் இல்லை. அதைக் கயமை என்று யாரும் சொல்வதில்லை. மறியலும் அப்படியே. அதோடு அந்த வழக்கில் அவன் விடுதலை ஆகிவிட்டான், தண்டிக்கப்படவே இல்லை. நீங்கள் எழுதியிருக்கிற கேள்வி ‘தண்டிக்கப்பட்டவரா’ என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்பதே உண்மையான பதில்.

ஆனால் படிவம் அந்த ஒரு கேள்வியோடு முடியாது. சரிபார்ப்புப் படிவத்தில் பெரும்பாலும் கீழே இன்னும் சில கேள்விகள் இருக்கும்: கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, நிலுவையில் வழக்கு உண்டா, அபராதம் விதிக்கப்பட்டதுண்டா. ஒவ்வொன்றின் வினைச்சொல்லையும் விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘வழக்குத் தொடரப்பட்டதுண்டா’ என்று கேட்டால், விடுதலை ஆனாலும் ‘ஆம்’ என்று எழுதி, வழக்கு எண், நீதிமன்றம், விடுதலையான தேதி எல்லாவற்றையும் போட்டு, தீர்ப்பு நகலை இணைக்க வேண்டும். போக்குவரத்து அபராதம் வேண்டாம் என்று படிவமே சொல்லியிருந்தால் விடலாம். சொல்லவில்லை என்றால் அதையும் எழுதிவிடுவது நல்லது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வேலை போவது பழைய வழக்கினால் அல்ல, அதை மறைத்ததினால்தான் என்று ஆகிவிட்ட குடும்பங்கள் நிறைய. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு நெறிமுறையே வகுத்திருக்கிறது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன விவகாரத்தை, மறைத்திருந்தால்கூட, வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அது அவர்கள் விருப்பம். உண்மையை எழுதியவருக்கும் வேலை கட்டாயம் இல்லை, முன்வரலாற்றைப் பார்த்து முடிவு செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் எழுதியவர் நிற்கிற இடம் உறுதியானது. 2011இல் தில்லிக் காவல்துறை வேலை வழக்கு ஒன்றிலும், இளைஞர்கள் செய்யும் சிறு தவறுகளை மன்னிக்கும் மனம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்புகள் உங்கள் மகனுக்குத் துணை நிற்கும், அவன் நேராக எழுதினால்.

வங்கிக்கு இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டமே, இப்படிப்பட்ட குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. 1997இல் அலகாபாத் வங்கி ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, எது கயமை என்பதை அந்தந்த வழக்கின் நடப்பை வைத்துத்தான் சொல்ல முடியும்; ஆனால் பொதுமக்கள் பணத்தைக் கையாளும் வங்கியில் இருப்பவரே போலிப் பத்திரம் செய்து பணம் எடுப்பது அதில் மிகக் கடுமையான ஒன்று. அந்த மேசையில் உட்காரப் போகிறவரிடம் இதைக் கேட்பது நியாயம்தானே.

‘எது கயமை என்று யார் முடிவு செய்வது?’ என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. சட்டத்தில் இதற்கு வரையறை கிடையாது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1962இல் ஒரு வழக்கில் மூன்று அளவுகோல் சொன்னது. இன்றுவரை பல நீதிமன்றங்களும் அதை எடுத்தாள்கின்றன. அந்தச் செயல் சமூகத்தின் பொதுவான மனச்சாட்சியை அதிரவைக்குமா? செய்யத் தூண்டிய நோக்கம் இழிந்ததா? அதைச் செய்ததினால் அந்த மனிதரைக் கெட்டுப்போன குணமுடையவர் என்று ஊர் கீழாகப் பார்க்குமா? தண்டனை எத்தனை வருடம் என்பது இதில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? வரப்புத் தகராறில் கோபம் வந்து ஒருவர் அடித்துவிட்டார் என்றால் காயம் பெரிதாக இருக்கலாம், ஆனால் அதிலேயே கயமை இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரு விதவையின் கைரேகையை ஏமாற்றி வாங்கி அவர் நிலத்தை எழுதிக்கொண்டால் ஒரு துளி ரத்தம் சிந்தாது. ஆனால் அதுதான் இந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள்.

அரியானாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், மனத்துக்கு ஆறுதலாக இருக்கும். அரசு வேலையில் இருந்த ஒருவர் மேல், பொது இடத்தில் ஆபாசமாக நடந்ததாகப் பழைய தண்டனைச் சட்டம் 294ஆம் பிரிவின் கீழ் வழக்கு. அபராதம் 20 ரூபாய். அவர் கட்டிவிட்டுப் போனார். கடைசியில் அந்த 20 ரூபாய் அவர் வேலையையே கொண்டுபோய்விட்டது, கயமைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர் என்று நீக்கிவிட்டார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தப் பிரிவில் தண்டனை என்றாலே கயமை என்று ஆகிவிடாது, நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. சிறு வழக்குகளில் அலைச்சலுக்குப் பயந்து அபராதம் கட்டிவிடுகிறார்கள் ஆயிரக்கணக்கான மக்கள். 2,000 ரூபாய் வரையிலான அபராதத்தை வேலை விஷயத்தில் தண்டனையாகவே கருதக் கூடாது என்பதுபோல ஒரு சட்டம் வர வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கே யோசனை சொன்னது. எனக்குப் பிடித்த தீர்ப்புகளில் இது முதல் வரிசை. கோர்ட் வராந்தாவில் “கட்டிட்டுப் போயிருங்கண்ணே, முடிஞ்சிரும்” என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் நான். எங்கே முடிகிறது?

கேள்வி: அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்கும் என் தங்கை மகன், ஒரு கடையில் சின்னப் பொருளுக்குப் பணம் கொடுக்காமல் வந்துவிட்டான் என்று வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் ‘மாரல் டர்பிட்யூட்’ என்று பயமுறுத்துகிறார். சில டாலர் பொருளுக்கா அவ்வளவு பெரிய வார்த்தை?
— வாசகி, காரைக்குடி

பயமுறுத்துகிறவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். இதில் தொகை பெரிதில்லை, செயலின் தன்மைதான் பெரிது. பிறர் பொருளைத் திரும்பக் கொடுக்கும் எண்ணமில்லாமல் எடுப்பதை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இந்த வகையில்தான் வைக்கிறது.

அங்கே இந்தச் சொற்றொடர் 1891ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திலேயே நுழைந்துவிட்டது. இப்படிப்பட்ட குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர்களை நாட்டுக்குள் விடக் கூடாது என்பதற்காக வைத்தார்கள். வரையறை அங்கேயும் எழுதவில்லை. 1951இல் டி ஜார்ஜ் என்ற இத்தாலியரின் வழக்கு அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முப்பது ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர், மதுவுக்கான வரியை ஏய்க்கச் சதி செய்ததற்காக இரண்டு முறை தண்டிக்கப்பட்டவர். மோசடி என்றாலே கயமைதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லி, நாடு கடத்தலை உறுதி செய்தார்கள். நீதிபதி ஜாக்சன் மாறுபட்டார். இந்தச் சொற்றொடர் இவ்வளவு மங்கலாக இருக்கும்போது இதை வைத்து ஒரு மனிதரை எப்படி வெளியேற்றுவது என்பது அவர் கேள்வி. அகராதியைத் திறந்தால், ‘டர்பிட்யூட்’ என்பதே அறக்கேடு, அதற்கு முன்னால் ‘மாரல்’ என்று வேறு சேர்த்தால் அறக்கேடான அறக்கேடு என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். அவர் கேட்டது நியாயம் என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது.

சிறு குற்றத்துக்கு ஒரு விலக்கு உண்டு. ஒரே ஒரு குற்றம், அதற்குச் சட்டப்படி அதிகபட்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாது, உண்மையில் விதிக்கப்பட்டதும் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை என்றால், நாட்டுக்குள் நுழைவதை அது தடுக்காமல் போகலாம். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் திருட்டுச் சட்டம் மாறும், விசா புதுப்பிக்கும்போது தூதரக அதிகாரியின் பார்வை வேறு. குடியுரிமை இல்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்னால், அதனால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று அவருடைய வழக்கறிஞர் சொல்லியாக வேண்டும். 2010இல் படில்லா வழக்கில் அவர்கள் உச்ச நீதிமன்றமே சொன்னது இது. பிள்ளை எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். நண்பர்கள் அறையில் உட்கார்ந்து எடுக்கிற முடிவில்லை இது. பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர்களுக்கான சட்ட உதவி மையம் இருக்கிறது, அங்கே முதலில் கேட்கலாம்.

கேள்வி: ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ‘டர்பிட்யூட்’ என்பதைத் தனியாகப் பயன்படுத்தலாமா? ‘சின்’, ‘வைஸ்’, ‘கிரைம்’ இவற்றுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெயின்ட் கடையில் விற்கிற டர்பன்டைனோடு இதற்கு ஏதாவது உறவு உண்டா?
— மாணவி, திருச்சி

தனியாகவும் பயன்படுத்தலாம், இலக்கணத் தடை இல்லை. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் ‘மாரல்’ இல்லாமல் இது வெளியே வருவது அபூர்வம். எண்ண முடியாத பெயர்ச்சொல், அதனால் பன்மை ஆக்க வேண்டாம். ‘ஆக்ட் ஆஃப் மாரல் டர்பிட்யூட்’, ‘கிரைம் இன்வால்விங் மாரல் டர்பிட்யூட்’ இரண்டும்தான் அதிகம் புழங்குபவை. அன்றாடப் பேச்சில் போட்டால் நீதிமன்ற வாசனை அடிக்கும். தோழி பொய் சொன்னதற்கு இந்தச் சொல் வேண்டாம்.

‘சின்’ கடவுளுக்கு முன்னால் செய்கிற பாவம். ‘கிரைம்’ சட்டத்துக்கு எதிரானது. ‘வைஸ்’ ஒட்டிக்கொண்ட தீய பழக்கம், குடி, சூது மாதிரி. ‘டர்பிட்யூட்’ இந்த மூன்றிலும் சேராமல் மனிதரின் குணத்தைத் தொடுகிறது. ஒன்றே மற்றொன்றாகவும் இருக்கலாம்: லஞ்சம் வாங்குவது குற்றம், பாவம், கயமை மூன்றும்தான். வழக்கறிஞர் தொழிலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஏ பிரிவில் இதே சொற்றொடர் இருக்கிறது. அப்படிப்பட்ட குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவரைப் பதிவு செய்யக் கூடாது, விடுதலையாகி இரண்டு ஆண்டு ஆனதும் அந்தத் தடை நீங்கும்.

உச்சரிப்பு: இங்கிலாந்து முறையில் ‘டர்-பி-ட்யூட்’, அமெரிக்க முறையில் ‘டர்-பி-டூட்’. அழுத்தம் முதல் அசையில்.

டர்பன்டைனோடு உறவு இல்லை. அது ‘டெரிபின்த்’ என்ற மரத்தின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது, அந்த மரத்துப் பிசினுக்கான பெயர். ‘டார்ப்பர்’, ‘டார்ப்பிட்’ என்று மந்தத்தைக் குறிக்கும் சொற்களும் வேறு குடும்பம்தான். தேர்வில் ‘டர்பிட்’ என்றால் கலங்கல் என்று ஒரு சொல்லும் வரும், அதையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள்.